எட்டு மணித்தியால வான், மூன்று மணித்தியால லவுஞ்ச்

மட்டக்களப்பு ஊறணியில் வான் புறப்பட்டபோது பகல் பன்னிரண்டு மணி. விமானம் மறுநாள் விடியப்புறம் நான்கு மணிக்கு. அங்கிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஏறத்தாழ 300 கிலோமீற்றர். சாப்பாடு, தேநீர் எல்லாம் சேர்த்தாலும் எட்டு மணித்தியாலத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். இருந்தும் இந்தக் கணக்கை எங்கள் பக்கத்தில் யாரும் நம்புவதில்லை. மாரி காலமென்றால் மன்னம்பிட்டிப் பக்கம் வெள்ளம். வெலிக்கந்தை தாண்டினால் இருட்டில் யானை. ஹபரணையில் டயர் போனால் என்ன செய்வது? "ஒருக்கா பிளேன் போயிற்றென்றால் ரிக்கெட் காசும் போயிற்று" என்று மாமா சொன்ன பிறகு அதற்கு மேல் பேச்சில்லை. பகலே கிளம்பிவிட்டோம்.

பயணம் மாமிக்கு. ரொறன்ரோவில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குப் போகிறார். அங்கேயே இருக்கும் மகன், அம்மா களைத்துப் போவாரே என்று இணையத்தில் ஒரு லவுஞ்ச் பாஸ், அதாவது விமான நிலையத்துக்குள் களைப்பாறும் தனி மண்டபத்துக்கான அனுமதி, வாங்கி அனுப்பியிருந்தான். மூன்று மணித்தியாலம், சாப்பாடு, சோபா, வைஃபை. கட்டுநாயக்கவில் நாங்கள் இறங்கும்போது இரவு எட்டரை. செக்கின் கவுண்டர் திறக்க இன்னும் நான்கரை மணித்தியாலம் இருந்தது. மாமி டிராலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். கவுண்டர் திறந்து, வரிசையில் நின்று, பொதி நிறுத்து, எல்லோரையும் கட்டிப்பிடித்து அழுது, குடிவரவு முத்திரை வாங்கி அவர் லவுஞ்ச்சுக்குள் நுழைந்தபோது இரண்டரை தாண்டிவிட்டது. மூன்றேகாலுக்கு விமானத்தில் ஏற அழைப்பு. ஒரு கோப்பித் தண்ணீர், ஒரு துண்டு கேக். அவ்வளவுதான்.

மகன் வாங்கியதில் பிழையில்லை, பாஸிலும் பிழையில்லை. லவுஞ்ச் ஒரு மணிக்கூட்டின்படி ஓடுகிறது. அந்த மணிக்கூடு நகரத்திலிருந்து அரை மணித்தியாலத்தில் விமான நிலையம் வந்துவிடுகிற ஆளுக்காகச் சுற்றுவது. கிழக்கிலிருந்து போகிற எங்களுக்கு அது பொருந்துவதில்லை. எங்கே பொருந்தவில்லை என்று தெரிந்தால் அதே காசை வேறு இடத்தில் நல்லபடி செலவழிக்கலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

லவுஞ்ச் எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். உலகின் முதல் விமான நிலைய லவுஞ்ச் என்று சொல்லப்படுவது 1939 இல் நியூயோர்க் லகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் எயார்லைன்ஸ் திறந்த 'அட்மிரல்ஸ் கிளப்'. அந்த நிறுவனம் தன் விமானங்களை 'ஃபிளாக்ஷிப்' என்று கப்பல் கணக்கில் அழைத்து வந்ததால், அதில் போகிற பெரிய மனிதர்கள் 'அட்மிரல்'கள், அதாவது கடற்படைத் தளபதிகள் ஆனார்கள். அழைப்பு வந்தவர் மட்டும் உள்ளே. பிறகு சந்தா கட்டுகிறவர்கள் வந்தார்கள், பிஸ்னஸ் கிளாஸ்காரர் வந்தார்கள், அடிக்கடி பறந்து புள்ளி சேர்த்தவர்கள் வந்தார்கள். எங்களைப் போன்ற எக்கொனமி ஆட்களுக்கு உண்மையில் கதவு திறந்தது 1992 இல் தொடங்கிய 'பிரயோரிட்டி பாஸ்' போன்ற திட்டங்களால்தான். எந்த நிறுவனத்தின் விமானத்தில் போகிறீர்கள், எந்த வகுப்பு என்பதை அது கேட்பதில்லை. அட்டை இருக்கிறதா, விமானம் இருக்கிறதா, சரி, உள்ளே வாருங்கள்.

ஆக இன்று லவுஞ்ச் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சாதிச் சாமான்கள் இருக்கின்றன. ஒன்று விமான நிறுவனத்தின் சொந்த லவுஞ்ச். ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸுக்குக் கட்டுநாயக்கவில் இருக்கும் 'செரண்டிப்' அப்படியானது. இப்படியான இடத்தில் பொதுவாகக் காசு நீட்டினால் போதாது. பிஸ்னஸ் கிளாஸ் ரிக்கெட் வேண்டும், அல்லது அந்த நிறுவனத்திலோ அதன் கூட்டணியிலோ உயர்படி அங்கத்துவம் வேண்டும். ஸ்ரீலங்கன் 2014 மே மாதத்திலிருந்து 'வன்வேர்ல்ட்' கூட்டணியில் இருக்கிறது. கத்தார் எயார்வேஸும் அதே கூட்டணிதான். அதனால் தோஹா வழியே அடிக்கடி போய்வரும் ஒருவர் அங்கே சேர்த்த அங்கத்துவப் படி, ஸ்ரீலங்கனில் எக்கொனமியில் போகும்போதும் கைகொடுக்கலாம். சூரிச்சுக்கும் லண்டனுக்கும் ஆண்டுக்கு இரண்டு தடவை பறக்கிற ஆட்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். புள்ளி அட்டையை வாங்கிப் பெட்டிக்குள் போட்டு மறந்துவிடுவார்கள்.

மற்றது கூலிக்கு ஓடும் லவுஞ்ச். அதை நடத்துகிறவர் வேறு யாரோ. விமான நிறுவனங்கள், அட்டைத் திட்டங்கள், வங்கிகள் எல்லாம் தங்கள் ஆட்களை அங்கே அனுப்புகின்றன, தலைக்கு இவ்வளவு என்று கணக்குத் தீர்க்கின்றன. உங்கள் கிரெடிட் கார்டில் 'இலவச லவுஞ்ச்' என்று எழுதியிருந்தால், அந்தத் தலைக்காசை வங்கி கட்டுகிறது என்று அர்த்தம். அது ஏன் கட்டுகிறது? நீங்கள் கட்டுகிற ஆண்டுக் கட்டணத்திலும், கடைக்காரரிடம் அது எடுக்கிற கழிவிலும் அந்தக் காசு ஏற்கனவே வந்துவிட்டது. பிரயோரிட்டி பாஸை நேரடியாக வாங்கினால் அதன் அடிப்படைத் திட்டத்துக்கு ஆண்டுக்கு 99 டொலரும், ஒவ்வொரு தடவை போகும்போதும் 35 டொலரும். இன்றைய மதிப்பில் ஒரு தடவைக்கே 10,000 ரூபாய்க்கு மேல். அந்தக் காசுக்குத் தம்புள்ளையில் வானில் வந்த பத்துப் பேரும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மிச்சமும் கொண்டு வரலாம்.

வங்கி அட்டை வைத்திருப்பவர்கள் மாட்டிக்கொள்கிற இடம் விருந்தாளிக் கட்டணம். அட்டைக்காரருக்கு இலவசம், கூட வருகிற மனைவிக்கும் பிள்ளைக்கும் இலவசமா என்பது அட்டைக்கு அட்டை மாறும். வாசலில் இருக்கிற பிள்ளை சிரித்துக்கொண்டே அட்டையை இழுத்து நான்கு பேரையும் உள்ளே விடும். அடுத்த மாதம் பில்லில் மூன்று பேருக்கு டொலரில் கணக்கு வந்து நிற்கும். எனக்கு ஒருமுறை நடந்தது. அந்த வருடம் நான் குடித்த தேநீரில் மிக விலை கூடியது அதுதான். வங்கிக்கு ஒரு அழைப்பு எடுத்து, எத்தனை தடவை, எத்தனை பேர், எந்த லவுஞ்ச் என்ற மூன்றையும் கேட்டுக்கொள்வதுதான் இதற்கு வழி.

அட்டை இருந்தாலும் இடம் கிடைக்கும் என்று உறுதியில்லை. கூலி லவுஞ்ச் நிறைந்தால் முதலில் வெளியே நிற்பவர் அட்டைக்காரர்தான், ஒப்பந்தம் அப்படி. கட்டுநாயக்கவில் இது ஏன் அடிக்கடி நடக்கிறது என்பதற்குப் பின்னணி உண்டு. தற்போதைய முனையம் ஆண்டுக்கு 60 இலட்சம் பயணிகளைக் கணக்கில் வைத்துக் கட்டப்பட்டது. 2018 இல் பயணிகள் தொகை ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. ஜப்பான் உதவியோடு இரண்டாவது முனையத்தின் வேலை 2020 நவம்பரில் தொடங்கி, 2022 இல் நாடு கடன் கட்ட முடியாமல் விழுந்தபோது நின்றது. அதற்கு மேல் வளைகுடா விமானங்களில் பல நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில்தான் கிளம்புகின்றன. ஒரே நேரத்தில் எல்லோரும் உள்ளே, எல்லோர் கையிலும் அட்டை.

இனி மணிக்கூட்டுக்கு வருவோம். கூலி லவுஞ்ச்களில் பெரும்பாலானவற்றில் மூன்று மணித்தியாலம்தான் இருக்கலாம். பலவற்றில் விமானம் கிளம்பும் நேரத்துக்கு மூன்று மணித்தியாலத்துக்கு முன்னர் உள்ளே விடவும் மாட்டார்கள். இவை இருப்பது குடிவரவு தாண்டிய உட்பக்கத்தில். குடிவரவு தாண்ட போர்டிங் பாஸ் வேண்டும், பொதி போட கவுண்டர் திறக்க வேண்டும், கவுண்டர் திறப்பது பெரும்பாலும் புறப்பாட்டுக்கு மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு முன்னர். கொழும்புக்காரருக்கு இது இடைஞ்சலே இல்லை. அவர் வீட்டில் குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டுக் கிளம்புவார். 2013 இல் திறந்த அதிவேகப் பாதையில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கட்டுநாயக்க. களைப்பே இல்லாத ஆளுக்குக் களைப்பாறும் இடம் திறந்திருக்கிறது. எட்டு மணித்தியாலம் வானில் குலுங்கி வந்தவர் வெளியே டிராலியில் இருக்கிறார். அம்பாறைப் பக்கத்திலிருந்து மகாஓயா, மகியங்கனை, கண்டி என்று மலைப்பாதையில் வருகிறவர்களுக்கு வாந்தியும் சேர்ந்துகொள்ளும்.

மட்டக்களப்பிலேயே விமான நிலையம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2018 இல் சிவில் விமானங்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். ஆனால் கனடாவுக்கோ லண்டனுக்கோ தோஹாவுக்கோ போக அது உதவாது. மீனகயா ரயிலில் போகலாம்தான், ஆனால் 23 கிலோவில் இரண்டு பெட்டியும் ஒரு மாமியும் கூட இருந்தால் யாரும் ரயிலை யோசிப்பதில்லை. குருநாகலுக்கும் மீரிகமவுக்கும் இடையில் 2022 ஜனவரியில் திறந்த அதிவேகப் பாதை கடைசிப் பகுதியில் கொஞ்சம் நேரத்தை மிச்சம் பிடிக்கிறது. பொலன்னறுவை, ஹபரணை வரையான பாதையில் அப்படி ஒரு மிச்சமும் இல்லை.

இங்கேதான் உடம்பின் கணக்கு வருகிறது. லவுஞ்ச்சைப் பற்றிப் பேசுகிறவர்கள் சாப்பாட்டைப் பற்றியே பேசுகிறார்கள். நீண்ட பயணத்தில் அது சின்ன விஷயம். பெரிய விஷயம் கால். நான்கு மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் இருந்து பயணம் செய்தால் கால் இரத்தக் குழாயில் இரத்தம் கட்டியாகும் ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007 இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. பயப்படும் அளவுக்கு இல்லை. நான்கு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட விமானப் பயணத்தில் ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவருக்கு என்ற கணக்குத்தான். ஆனால் அந்த ஆய்வில் எங்களைக் குறித்துச் சொன்னதுபோல இரண்டு சங்கதிகள் இருக்கின்றன.

ஒன்று, ஆபத்து விமானத்துக்கு மட்டும் சொந்தமானதல்ல. பஸ், ரயில், கார் எதில் அசையாமல் இருந்தாலும் உண்டு. அப்படியென்றால் மாமியின் நீண்டதூரப் பயணம் தொடங்கியது கட்டுநாயக்கவில் இல்லை, ஊறணியில். எட்டு மணித்தியாலம் வான், நான்கரை மணித்தியாலம் டிராலி, ஐந்து மணித்தியாலம் தோஹா வரை, அதற்குப் பிறகு பதினான்கு மணித்தியாலம்போல ரொறன்ரோ வரை. மற்றது உயரம். மிக உயரமானவர்களுக்கு ஆபத்துக் கூடும் என்பது எதிர்பார்த்ததுதான், முழங்கால் முன் இருக்கையில் இடிக்கும். விமானப் பயணத்தில் 160 சென்ரிமீற்றருக்குக் குறைந்தவர்களுக்கும் கூடுகிறது. கால் தரையில் பதியாது, இருக்கையின் விளிம்பு தொடையின் பின்பக்கத்தை அழுத்திக்கொண்டே இருக்கும். எங்கள் அம்மாமார், மாமிமார், உம்மாமாரில் பெரும்பாலானவர்கள் அந்த உயரத்துக்கு உள்ளேதான். கைப்பையை மேலே தட்டில் வைக்காமல் காலுக்குக் கீழே வைத்து அதன்மேல் பாதத்தை ஊன்றச் சொல்லுங்கள். காசு செலவில்லாத வைத்தியம். அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள், கர்ப்பிணிகள், ஏற்கனவே இரத்தம் கட்டிய ஆட்கள் என்றால் வைத்தியரிடம் கேட்காமல் கிளம்பவே கூடாது.

இப்படிப் பார்த்தால், லவுஞ்ச்சின் பஞ்சு சோபாவில் இன்னும் மூன்று மணித்தியாலம் புதைந்து கிடப்பது கொடுத்த காசுக்குக் காலுக்குச் செய்கிற கெடுதல். என் அபிப்பிராயம் இது: உள்ளே போனதும் முதலில் குளிக்க இடம் கேளுங்கள். எல்லா லவுஞ்ச்சிலும் குளியலறை இல்லை, இருக்கிற இடத்திலும் வரிசை இருக்கும், சில இடத்தில் தனிக் கட்டணம் வாங்குவார்கள். அதனால் வாசலிலேயே பெயர் கொடுத்துவிட வேண்டும். குளித்து உடுப்பு மாற்றினால் பாதிப் பயணம் கழிந்தது மாதிரி. அப்புறம் முனையத்துக்குள் நடை. கடை பார்க்கிற சாட்டில் அரை மணித்தியாலம் நடந்தால் போதும். சாப்பாடு, சோபா எல்லாம் அதற்குப் பின்னர்.

சாப்பாட்டிலும் ஒரு சூட்சுமம் உண்டு. விமானத்துக்குள் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பது போல இராது. ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரமுள்ள மலையில் நிற்பது மாதிரி, அதாவது ஏறக்குறைய நுவரெலியாவில் இருப்பது மாதிரி. அந்த அழுத்தத்தில் வயிற்றுக்குள் இருக்கும் வாயு கால் பங்கிலிருந்து மூன்றிலொரு பங்குவரை விரியும். லவுஞ்ச்சில் சும்மா கிடைக்கிறதே என்று கடலையும் பருப்பும் சோடாவும் அடித்துவிட்டு ஏறினால் பதினான்கு மணித்தியாலமும் வயிறு உங்களோடு பேசிக்கொண்டு வரும். காற்றின் ஈரப்பதனும் 20 சதவீதத்துக்குக் கீழே போய்விடுவதால் தொண்டையும் தோலும் காயும். மதுவும் அதிகக் கோப்பியும் அங்கே இலவசம், தண்ணீரும் இலவசம். தண்ணீர்தான் பெறுமதியானது. போத்தலை நிரப்பிக்கொண்டு கிளம்ப நினைத்தால், கட்டுநாயக்கவில் விமானம் ஏறும் கேட்டுக்குப் போகுமுன் இன்னொரு பாதுகாப்புச் சோதனை இருப்பதை மறக்க வேண்டாம். 100 மில்லிலீற்றருக்கு மேல் திரவம் அங்கே நிற்கும். சொதி, தயிர், நெய், தேன் எல்லாம் திரவக் கணக்குத்தான். கருவாடு திரவமில்லை. ஆனால் அது கைப்பையில் இருந்தால் லவுஞ்ச்சில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.

சீனி வருத்தக்காரர்கள் இன்சுலினையும் மாத்திரையையும் கைப்பையிலேயே, வைத்தியரின் கடிதத்தோடு வைத்திருக்க வேண்டும். இராத்திரி மூன்று மணிக்கு லவுஞ்ச்சில் இருக்கிற இனிப்புப் பண்டத்தையும் ஜூஸையும் பார்த்து ஊசி போடுகிற நேரத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வீட்டிலிருந்து கட்டிய இடியப்பமோ பிட்டோ மிச்சமிருந்தால் கவுண்டர் திறக்குமுன் வானிலேயே சாப்பிட்டுவிடுவது உத்தமம். ஹலால் பார்க்கிறவர்கள் கட்டுநாயக்கவில் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். தோஹாவிலும் டுபாயிலும் அந்தக் கவலை குறைவு, தொழுகைக்கும் இடம் இருக்கிறது.

மாமியின் பாஸை நான் வாங்கியிருந்தால் கட்டுநாயக்கவில் வாங்கியிருக்க மாட்டேன். இடைத்தங்கலில் வாங்கியிருப்பேன். அங்கே மணிக்கூடு உங்கள் பக்கம். பொதி கைவிட்டுப் போயிற்று, கவுண்டர் வரிசை இல்லை, அழுகிறதற்கு ஆள் இல்லை. விமானம் இறங்கியதிலிருந்து அடுத்தது கிளம்பும்வரை நேரம் முழுவதும் உங்களுடையது. வானும் முதல் விமானமும் கொடுத்த களைப்பு சேர்ந்து நிற்பதும் அங்கேதான், முன்னால் இருப்பது நீண்ட துண்டு. அதற்கு முன்னர் ஒரு குளியல், ஒரு மணித்தியாலம் காலை நீட்டிப் படுக்கை. 35 டொலருக்கு அது தகும்.

அதையும் உடனே வாங்கிவிட வேண்டாம். தோஹாவின் ஹமாட் விமான நிலையத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக அமைதி அறைகள் இருக்கின்றன, சாய்ந்து படுக்கும் நாற்காலியோடு, காசில்லாமல். வழி தெரியாவிட்டால் நடுவில் இருக்கும் அந்தப் பெரிய மஞ்சள் கரடிப் பொம்மையை அடையாளம் வைத்துக்கொண்டு கேட்கலாம். டுபாயில் எமிரேட்ஸ் நிறுவனம், காத்திருப்பு நீண்டதாகவும் அதைவிட நல்ல இணைப்பு விமானம் இல்லாமலும் இருந்தால், 'டுபாய் கனெக்ட்' என்று ஹோட்டல் அறையே தருகிறது. நிபந்தனைகள் உண்டு, முன்கூட்டியே பதிய வேண்டும், ரிக்கெட் எடுக்கும்போதே ஏஜென்சிக்காரரிடம் கேட்க வேண்டும். அவர்களாகச் சொல்வது அபூர்வம். மெல்பேர்ணுக்கோ சிட்னிக்கோ சிங்கப்பூர் வழியே போகிறவர்களுக்கு சங்கி விமான நிலையத்திலும் இலவசமாகச் சாய்ந்து தூங்கும் இடங்கள் இருக்கின்றன. டுபாயில் லவுஞ்ச் எடுப்பதானால் அடுத்த விமானம் எந்தப் பகுதியிலிருந்து கிளம்புகிறது என்று பார்த்த பிறகே எடுக்க வேண்டும். மூன்றாம் முனையத்தில் ஏ, பி, சி என்று மூன்று பகுதிகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ரயிலிலோ நீண்ட நடையிலோ போக வேண்டும்.

வயதானவர்களைத் தனியே அனுப்பும்போது எங்கள் ஊர்களில் வீல்செயார் கேட்பது வழக்கம். நடக்க முடியாததாலோ என்றால் பாதிப் பேருக்கு அப்படி இல்லை. ஆங்கிலம் தெரியாத அம்மாவை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு ஒப்படைக்கிற தந்திரம் அது. நல்ல தந்திரம்தான், உண்மையிலே நடக்க முடியாதவர் காத்திருக்க வேண்டி வருகிறது என்பதைத் தவிர. ஆனால் அதில் போனால் தள்ளுகிறவர் நேரே கேட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார். லவுஞ்ச் பாஸ் இருந்தால் அதை அச்சடித்துக் கையில் கொடுத்து, தள்ளுகிறவரிடம் காட்டச் சொல்ல வேண்டும். எத்தனை மணிக்கு வந்து கூட்டிப் போவார் என்பதையும் எழுதி வாங்க வேண்டும்.

ஏனென்றால் பல லவுஞ்ச்களில் விமான அறிவிப்பு சொல்லுவதே இல்லை. அமைதியாக இருக்கட்டும் என்று நிறுத்திவிட்டார்கள். பஸ் நிலையத்தில் "கல்முனை, அக்கரைப்பற்று" என்று கூப்பிடுகிற குரலுக்குப் பழகிய காது, யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்துக்கொண்டே இருக்கும். கேட் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 15, 20 நிமிடத்துக்கு முன்னரே மூடிவிடும். கைமணிக்கூட்டையும் கவனியுங்கள். தோஹா எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னே. ஊர் நேரத்திலேயே மணிக்கூடு ஓடினால் விமானம் போய்விட்டதென்று பதறுவீர்கள், அவ்வளவுதான் நடக்கும். மாமி அங்கே ஒரு மலையாளப் பிள்ளையைப் பிடித்துக் கேட்டுத்தான் மூச்சு விட்டாராம். சிங்கப்பூர் இரண்டரை மணித்தியாலம் முன்னே. அங்கே அதே பிழை செய்தால் இன்னும் நேரமிருக்கிறது என்று இருப்பீர்கள், விமானம் உண்மையாகவே போய்விடும்.

லவுஞ்ச் பற்றி எழுதுகிற யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அங்கே போக வேண்டுமானால் பிரிவை மூன்று மணித்தியாலம் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு ஆளை அனுப்ப ஒரு வான் ஆட்கள் போகிற ஊர் எங்களுடையது. பிள்ளைகள், மச்சாள், பக்கத்து வீட்டு ராத்தா, சும்மா கொழும்பு பார்க்க வந்த தம்பி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இவர்கள் இருக்கும்போது, அந்தப் பக்கம் சோபா இருக்கிறது என்பதற்காக யார் உள்ளே போவார்? கவுண்டர் திறந்த பிறகும் மாமி ஒரு மணித்தியாலம் வெளியே பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். மகன் கொடுத்த பாஸ் கைப்பையில் இருந்தது. நான் இரண்டு தடவை ஞாபகப்படுத்தினேன். மூன்றாம் தடவை வாய் வரவில்லை. பாஸ் வாங்கி அனுப்பும் வெளிநாட்டுப் பிள்ளைகள் இந்த ஒரு மணித்தியாலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கட்டுநாயக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

உண்மையிலே சீக்கிரம் உள்ளே போய்விடக் கூடியவர்கள், தனியே போகிற இளம் ஆட்கள், வேலை விஷயமாகப் போகிறவர்கள் என்றால் கட்டுநாயக்க லவுஞ்ச் உதவலாம். மற்றவர்கள் வேறு மாதிரிச் செய்யலாம். வானை வழக்கம்போல மத்தியானமே எடுத்து, நீர்கொழும்பில் ஒரு அறையில் மூன்று மணித்தியாலம் படுத்துவிட்டுப் போவது. லவுஞ்ச்சில் இரண்டு பேருக்கு ஆகிற காசைவிடக் குறைவாகவே சாதாரண அறை கிடைக்கும். கட்டிலில் கால் நீட்டலாம், மூன்று மணித்தியாலம் முடிந்ததென்று யாரும் தட்டமாட்டார்கள், வந்தவர்களும் கூட இருக்கலாம். எங்கள் வீட்டில் அடுத்த பயணத்துக்கு இதைத்தான் செய்தோம். மாமா யானையைச் சொல்லி ஒரு மணித்தியாலம் முன்னுக்கு இழுத்தார், அது வேறு கதை.

திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழ். ரொறன்ரோவிலிருந்து இறங்குகிறவருக்குக் கட்டுநாயக்கவில் பயணம் முடிவதில்லை, வாசலில் வான் நிற்கிறது. ஆகவே திரும்பும் வழியிலும் குளிப்பு தோஹாவிலோ டுபாயிலோதான் நடக்க வேண்டும், கட்டுநாயக்கவுக்குப் பின்னர் அதற்கு வழியில்லை. ஆறு மாதம் கழித்து மாமி வந்தபோது கால் இரண்டும் வீங்கியிருந்தது. வீட்டுக்குப் போகும் அவசரத்தில் சாரதி எங்கேயும் நிறுத்தாமல் மிதிக்கப் பார்த்தார். குருநாகல் தாண்டி ஒரு இடம், ஹபரணையில் ஒரு இடம், இரண்டு இடத்திலும் நிறுத்தச் சொன்னோம். ஹபரணையில் பால் விடாத பிளேன்ரீக் கோப்பையைக் கையில் பிடித்தபடி மாமி கடைக்கு முன்னால் பத்து நிமிடம் மேலும் கீழும் நடந்தார். கனடாவில் பிளேன்ரீயே இல்லையாம்.